கயிறு எட்டும் தூரம்

சிவஞானத்தைச் சுடுகாட்டில் வைத்துவிட்டு வந்த மறுநாள் விடியும்போது, வாகைக்குறிச்சியில் ஆண்பிள்ளைகள் அத்தனை பேருடைய அரைஞாண் கயிறும் வளர்ந்திருந்தது. பால்குடி மறக்காத பிள்ளையிலிருந்து மீசை அரும்பிய பையன்வரைக்கும் ஒருவர் பாக்கியில்லாமல், இடுப்பில் கிடந்த கறுப்புக் கயிறு சட்டைக்கடியிலிருந்து இறங்கி, பாயைக் கடந்து, தண்ணீர்க் குடத்தைச் சுற்றி, வாசல் கதவின் கொண்டியில் போய்த் தன்னைத் தானே முடிந்துகொண்டிருந்தது. கயிறு கட்டுகிற பழக்கத்தை என்றைக்கோ விட்டுவிட்ட வேதக்கோயில் தெருக் கிறிஸ்தவப் பிள்ளைகளின் இடுப்பிலும் அது இருந்தது. பெண்பிள்ளைகளுக்கு வரவில்லை. அவர்களைக் கட்டிப்போட ஊருக்கு எந்தக் காலத்திலும் கயிறு தேவைப்பட்டதில்லை.

சிவஞானம் பன்னிரண்டாம் வகுப்புப் படித்தவன். அவன் மணிக்கட்டில் கட்டியிருந்த நூலின் நிறம் பிடிக்காத பையன்கள், அவனோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த பையன்கள், புத்தகப் பையிலிருந்து அரிவாளை எடுத்து அவனைப் பஸ் நிறுத்தத்தில் வைத்து வெட்டினார்கள். எந்தத் தெருவுக்கு எந்த நிறம் என்பது வாகைக்குறிச்சியில் பேச்சு வராத பிள்ளைக்கும் தெரியும். அதை இங்கே சொல்லி ஒன்றும் ஆகப்போவதில்லை. அன்றைக்கு ஊரில் எந்தத் தாயும் கண்ணை மூடவில்லை. ஒவ்வொருத்தியும் தன் பிள்ளை படுத்திருந்த பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து, சாமி, இவனை என் கையை விட்டுப் போகாமல் பார்த்துக்கொள் என்று வேண்டிக்கொண்டாள். எல்லாத் தெருவிலும் ஒரே வேண்டுதல், எல்லாச் சாமியிடமும் ஒரே நேரத்தில். இவன் கை அரிவாளை எடுக்காமல் பார்த்துக்கொள் என்று வேண்டிக்கொண்டவள் ஒருத்தியாவது இருந்தாளா என்று தெரியவில்லை.

முப்பிடாதி வாசல் தெளிக்கக் கதவைத் திறந்தபோது அதைப் பார்த்தாள். பீடி சுற்றுகிறவள் வீட்டில் நூல் கிடப்பது அதிசயமில்லை, பூனை உருட்டிவிட்டிருக்கும் என்று நினைத்துச் சுருட்டப் போனாள். கை வைத்து இழுத்ததும் உள்ளேயிருந்து மகன் கத்தினான்.

"எம்மா, இழுக்காத! இடுப்ப அறுக்குது."

"ஒன் இடுப்புக்கும் இதுக்கும் என்னல சம்பந்தம்?"

இசக்கிராஜா எழுந்து வந்து சட்டையைத் தூக்கிக் காட்டினான். தாயும் மகனும் கயிற்றைப் பார்த்தார்கள். கொண்டியைப் பார்த்தார்கள். "சரி, பல்லத் தேச்சிட்டு வா, காப்பி ஆறுது" என்றாள் அவள். மற்ற வீடுகளிலும் ஏறக்குறைய இப்படித்தான் நடந்தது. பதினேழு வயசுப் பிள்ளையைத் துண்டு துண்டாகப் பொறுக்கிக்கொண்டு வந்த ஊர், ஒரு கயிறு வளர்ந்ததற்கு ஆச்சரியப்படுகிற நிலைமையில் இல்லை.

முதலில் அறுத்துத்தான் பார்த்தார்கள். கத்தரிக்கோல், அரிவாள்மனை, கறிக்கடைக் கத்தி, கடைசியில் வெல்டிங் பட்டறை மிஷின்கூட வந்தது. கயிற்றில் ஓர் இழைகூடப் பிரியவில்லை. "அரணாக்கயிற செத்தவன் இடுப்புலதாம்ல அறுக்கது. உசுரோட நிக்கவனுக்கு எதுக்கு அறுக்கிய?" என்று பெரிய ஆட்கள் சத்தம் போட்டதும் அந்த முயற்சியை விட்டுவிட்டார்கள்.

அதன்பிறகு ஊர் பழகிக்கொண்டது. பஸ் கண்டக்டர் "கயிற மடக்கிப் பிடிச்சிக்கிட்டு ஏறுங்கல" என்று சொல்லப் பழகினார், பஞ்சாயத்து தெருமுனைகளில் கம்பம் நட்டுக் கொக்கி மாட்டிவிட்டது, தண்ணீர் லாரி டிரைவர் ஹாரன் அடித்தால் பையன்கள் கயிற்றைக் கம்பத்தில் தூக்கிப் போடப் பழகினார்கள், ஆடுகள் கடித்துப் பார்த்துவிட்டு ருசியில்லை என்று விட்டுவிட்டன, கபடி ஆட்டத்தில் கயிற்றைப் பிடித்து இழுத்தால் தப்பாட்டம் என்று விதி போட்டார்கள், பள்ளிக்கூடத்தில் ஜன்னலுக்கு ஜன்னல் ஆணி அடித்தார்கள். சாயங்காலம் பிள்ளைகள் திரும்பும்போது தெருவெல்லாம் கயிறு சிக்கிக் கிடக்கும். தலைக்குச் சிக்கெடுக்கிற மாதிரிப் பெண்கள் வாசலில் உட்கார்ந்து ஆளுக்கொரு நுனியைப் பிடித்துச் சிக்கெடுத்துக்கொண்டே ஊர்க்கதை பேசினார்கள். கொஞ்ச காலம் அது நன்றாகக்கூட இருந்தது. எந்தத் தெருக் கயிறு எந்தத் தெருக் கயிற்றோடு சிக்கிக்கொண்டாலும் எல்லாம் கறுப்புத்தான், எதற்கும் நிறம் கிடையாது, இந்தத் தெருக்காரியும் அந்தத் தெருக்காரியும் சேர்ந்து உட்கார்ந்துதான் பிரித்தாக வேண்டும்.

எல்லாக் கயிறும் ஒரே நீளம் இல்லை. பிள்ளை நடக்க நடக்கக் கூடவே நீண்டு போகும், ஓரிடத்தில் விறைத்து நின்றுவிடும். சிலருக்குத் தெருமுனை, சிலருக்குப் பள்ளிக்கூடம், சிலருக்கு அடுத்த ஊர். தாயின் மனசில் எவ்வளவு தைரியமோ அவ்வளவு நீளம் என்று ஊரில் ஒரு கணக்கு உண்டாகிவிட்டது. தகப்பன்மார் கணக்கில் வரவில்லையா என்று யாரும் கேட்கவில்லை. முப்பிடாதியின் புருஷன் கேரளாவில் பரோட்டா மாஸ்டர். திருவிழாவுக்கு வந்து போகிற மனுஷன்.

ராசா என்று அவள் கூப்பிடுகிற இசக்கிராஜாவின் கயிறுதான் ஊரிலேயே நீளம். தெருவைக் கடந்து, பள்ளிக்கூட மைதானத்தைக் கடந்து, கால்வாய்ப் பாலத்தைக் கடந்து, வயலைக் கடந்து, எந்நேரமும் லாரிக்காரர்களும் பஸ்காரர்களும் நிற்கிற பைபாஸ் டீக்கடையையும் கடந்து, அந்தப் பக்கம் கிடந்த பொத்தை என்கிற மொட்டைக் குன்றின் உச்சிவரைக்கும் போயிற்று. அவனும் அப்படிப்பட்டவன்தான். பதினோராம் வகுப்புக்கு வந்த பிறகும் கால் ஓரிடத்தில் தரிக்காது. கால்வாயில் குதிப்பான், கொடுக்காப்புளி பறிப்பான், பொத்தையில் ஏறி நின்று எந்த ஊரில் மழை பெய்கிறது என்று பார்த்துக்கொண்டு வந்து அம்மாவிடம் சொல்லுவான். முப்பிடாதி இலை வெட்டிக்கொண்டே கேட்டுக்கொள்வாள். அவள் வயசுக்கு வந்த நாளிலிருந்து கண்ட வெளியூர் எல்லாம் பெரும்பாலும் அந்தப் பையன் வந்து சொன்னதுதான்.

பக்கத்து வீட்டுப் பாக்கியம்தான் முதலில் ஆரம்பித்தாள்.

"ஏ முப்பிடாதி, ஒன் மவன் கயிறு பைபாஸையும் தாண்டிக் கெடக்காம்லா? எங்க வீட்டு ஆளு பாத்துட்டு வந்து சொன்னாவ."

"கெடக்கட்டும் மைனி. பசிச்சா வருவான்."

"நீ தைரியசாலிதாம்ப்பா" என்றாள் பாக்கியம். அவள் சொன்ன விதத்தில் அது பாராட்டாக இல்லை.

முடிச்சுப் போட்டால் கயிறு குட்டையாகும் என்று கண்டுபிடித்தது யார் என்று தெரியாது. பக்கத்து ஊரில் இன்னொரு பையன் வெட்டுப்பட்ட செய்தி போனுக்குப் போன் பரவியது, படத்தோடு பரவியது, அன்றைக்குச் சாயங்காலம் ஊரில் பாதிக் கயிற்றில் முடிச்சு விழுந்துவிட்டது. கொண்டிக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு முடிச்சு. பார்க்க ஒன்றுமில்லாத மாதிரிதான் இருக்கும், ஆனால் அந்தப் பக்கத்தில் பிள்ளை ஒரு தெருவை இழந்திருப்பான். போட்ட முடிச்சு அவிழாது என்றும் ஊர் சொல்லிக்கொண்டது. அவிழ்த்துப் பார்த்தவர்கள் யாராவது உண்டா என்று முப்பிடாதி அப்போது கேட்கவில்லை. பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் போட்டு, முடிச்சுப் போட்ட தாய்மாரை எழுந்து நிற்கச் சொல்லித் தலைமை ஆசிரியர் கைதட்ட வைத்தார். முப்பிடாதி உட்கார்ந்தே இருந்தாள். அவள் மேல் எத்தனை கண் விழுந்தது என்பது அவளுக்குத்தான் தெரியும்.

கேரளாவிலிருந்து புருஷன் போன் பண்ணினான். "ஊர்ல எல்லாவளும் முடிச்சுப் போடுதாளாம். நீ மட்டும் என்ன பெரிய இவளா? நாளைக்கி ஒண்ணு ஆச்சின்னா எல்லாவனும் ஒன்னயத்தான் சொல்லுவான்."

அந்த ஒரு சொல்லுக்குத்தான் முப்பிடாதி பயந்தாள். பிள்ளைக்கு ஒன்று ஆகிவிடுமோ என்கிற பயம் எல்லாத் தாய்க்கும் உள்ளதுதான், அது அவளுக்கும் இருந்தது. ஆனால் அந்தப் பயம் இத்தனை நாள் அவளைக் குனிய வைக்கவில்லை. ஒன்று ஆனால் தன்னைச் சொல்லுவார்களே என்கிற பயம் வேறு. அது வந்த அன்றைக்கு அவள் கொண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முதல் முடிச்சைப் போட்டாள். பொத்தை போயிற்று. அடுத்த வாரமே இன்னொன்று போட்டாள், டீக்கடை போயிற்று. நாளெல்லாம் நூலில் வேலை செய்கிற விரல், முடிச்சு சும்மா விழவில்லை, இறுகி விழுந்தது.

"எம்மா, பொத்தைக்கு ஏற முடியல. பாதி வழில இழுக்கு" என்றான் ராசா.

"அங்க என்ன ஒனக்குப் புதையலா கெடக்கு? வீட்ல இருந்து படி."

அவனுடைய அக்கா சுபிதா ஜவுளிக்கடை வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள், சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள்: "இப்பந்தான் அவனுக்குத் தெரியும், நாங்கல்லாம் எப்பிடி இருக்கோம்னு." முப்பிடாதி அவளை முறைத்தாள். பெண்பிள்ளைகள் இப்படிப் பேசினால் முறைக்க வேண்டும் என்று அவளுக்குப் பழக்கம்.

ஊர் முழுக்க இப்படி முடிச்சு ஏறிக்கொண்டே போனதில் ஒரு சங்கதியை யாரும் கவனிக்கவில்லை, அல்லது கவனித்தும் வாயைத் திறக்கவில்லை. பயந்த வீட்டுப் பிள்ளைகளின் கயிறு மட்டும்தான் குட்டையாயிற்று. யாரைக் கண்டு பயந்தார்களோ அந்தப் பிள்ளைகளின் வீட்டில் ஒரு முடிச்சும் விழவில்லை. பையில் அரிவாள் வைத்திருக்கிற மகனுக்கு என்ன ஆகிவிடுமோ என்று எந்தத் தாய் பதறப் போகிறாள்? அவர்கள் கயிறு எங்கே வேண்டுமானாலும் போயிற்று.

இது போதாதென்று தாண்டுகிற விஷயம் வேறு வந்து சேர்ந்தது. படுத்திருக்கிற பிள்ளையை யாரும் தாண்டக் கூடாது, தாண்டினால் வளராது என்பது எல்லா ஊரிலும் உள்ள வழக்கம். கயிறு வந்த ஆரம்பத்தில் தாய்மார் அதையே கயிற்றுக்கும் சொன்னார்கள்: "அடுத்த வீட்டுப் பிள்ள கயிறத் தாண்டாதல, கையால தூக்கிக் குனிஞ்சி போ." அக்கறையாகச் சொன்ன சொல்தான். பையன்கள் கைக்குப் போனதும் அது மானப் பிரச்சினையாகிவிட்டது. என் கயிற்றைத் தாண்டினாயா, எங்கள் தெருக் கயிற்றை உங்கள் தெருக்காரன் தாண்டினானா என்று ஆரம்பித்தார்கள். மணிக்கட்டு நூலைக் கழற்றச் சொல்லிப் பள்ளிக்கூடத்தில் உத்தரவு போட்ட பிறகு, இடுப்புக் கயிற்றிலேயே தெருவுக்குத் தெரு சாயம் ஏற்றினார்கள். இந்தத் தெருக்காரியும் அந்தத் தெருக்காரியும் சேர்ந்து உட்கார்ந்து சிக்கெடுப்பதும் அதோடு நின்றது. காப்பாற்றுவதற்கென்று வந்த கயிற்றை வெட்டுவதற்குக் காரணமாக மாற்ற வாகைக்குறிச்சிக்கு ஒரு மழைக்காலம் போதுமானதாக இருந்தது.

ராசா சாயம் போடவில்லை. "கறுப்பே நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டான். ஒருநாள் மைதானத்தில் பந்து உருண்டு போனது. அதைத் துரத்திப் போன ஓட்டத்தில் குறுக்கே கிடந்த ஒரு கயிற்றைத் துள்ளித் தாண்டிவிட்டான். அது தெற்குத் தெருக் கதிர்வேலின் கயிறு. கதிர்வேலும் அவனும் சின்னப் பிள்ளையில் ஒரே கால்வாயில் நீந்தினவர்கள்; முப்பிடாதி கையால் கதிர்வேல் எத்தனையோ நாள் கூழ் குடித்திருக்கிறான், பீடித் தட்டில் கை போட்டு அவளிடம் அடியும் வாங்கியிருக்கிறான். தனியாக இருந்திருந்தால் கதிர்வேல் சிரித்திருப்பான். ஆனால் அந்தத் துள்ளலை யாரோ போனில் படம் பிடித்து, பாட்டுப் போட்டு, ஊர் முழுக்க அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு சிரிக்கக் கதிர்வேலுக்கு வழியில்லை.

ராசா வீட்டில் எதையும் சொல்லவில்லை. சொன்னால் அம்மா என்ன செய்வாள் என்று அவனுக்குத் தெரியும். இன்னொரு முடிச்சுப் போடுவாள். அவனுக்கு வேண்டியிருந்தது அதற்கு நேர் எதிரானது. பள்ளிக்கூடத்திலிருந்து வீட்டுக்கு வருகிற வழி தெற்குத் தெருவை ஒட்டி வருகிற வழி. ஓட வேண்டி வந்தால் அந்தப் பக்கம் ஓட முடியாது, பாலத்தைக் கடந்து பைபாஸுக்குத்தான் ஓட முடியும். அங்கே எந்நேரமும் ஆள் இருக்கும், டீக்கடையில் வெளிச்சம் இருக்கும், நாலு பேர் பார்க்கிற இடத்தில் எவனும் அரிவாளை எடுக்க யோசிப்பான்.

அதனால் அவன் அம்மாவுக்கு முன்னால் வந்து உட்கார்ந்தான். அவள் பீடித் தட்டை மடியில் வைத்திருந்தாள். கடைக்குப் பீடி கொடுக்கிற நாள், தலை நிமிரவில்லை.

"எம்மா, ஒரு முடிச்ச மட்டும் அவுத்து வுடேன்."

"எதுக்கு?"

"பைபாஸ் வரைக்கும் எட்டுத மாதிரி. அது போதும். பொத்தைக்கெல்லாம் வேண்டாம்."

"பைபாஸ்ல என்னல ஒனக்கு வேல? எவளாவது நிக்காளா?"

"சும்மாதாம்மா."

"சும்மா போறதுக்குத்தான் இந்தக் கயிறு வந்திருக்கா? போட்ட முடிச்சு அவுராதுன்னு ஊருக்கே தெரியும். போ, போய்ப் புஸ்தகத்த எடு."

அவன் உடனே எழுந்து போகவில்லை. கொண்டிக்குப் பக்கத்தில் போய் நின்று முடிச்சைக் கொஞ்ச நேரம் பார்த்தான். ஒருதரம் விரலால் தொட்டுப் பார்த்தான். முப்பிடாதி தலையைத் தூக்கியிருந்தால் அவன் முகத்தைப் பார்த்திருக்கலாம். தூக்கவில்லை. பாக்கியம் மைனி மகன் வாசற்படியோடு நிற்கிறான், இவன் இன்னும் வயல்வரைக்கும் போகிறானே, இன்னொன்று போட வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டே ஒரு பீடிக்கு நூல் சுற்றினாள்.

மறுநாள் சாயங்காலம் அவள் அதே இடத்தில் அதே தட்டோடு உட்கார்ந்திருந்தபோது கயிறு விறைத்தது. தெருவில் தளர்ந்து கிடந்த கயிறு தரையை விட்டு மேலே எழும்பி, கொண்டி கடகடவென்று ஆடியது. அவளுக்கு எரிச்சல் வந்தது. நேற்று வேண்டாம் என்று சொன்னேன், இன்றைக்கு இழுத்துப் பார்க்கிறானே, மூதி, அப்பனைப் போலவே சொன்ன பேச்சுக் கேட்கிற ஜென்மம் கிடையாது. கொண்டி மறுபடியும் ஆடியது. இந்தத் தடவை கதவே குலுங்கியது. நிலையிலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்தது.

"ஏல, கதவப் பிய்க்கப் போறியா!" என்று அவள் தெருவைப் பார்த்துக் கத்தினாள். தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போய், கயிற்றை இரண்டு கையாலும் பிடித்து, காலைப் படியில் ஊன்றி, தன் பக்கம் பலமாக ஓர் இழுப்பு இழுத்தாள். வீட்டுக்கு வா என்று பிள்ளைக்குச் சொல்ல ஊரில் எல்லாத் தாயும் அப்படித்தான் இழுப்பார்கள்.

அந்தப் பக்கத்து இழுப்பு நின்றது. கயிறு தளர்ந்து தெருவில் விழுந்தது.

"அப்பிடி வா வழிக்கு" என்றாள் முப்பிடாதி. வந்ததும் பசிக்குமே என்று உள்ளே போய் உலை வைத்தாள். அரிசியைக் களைந்து போட்டாள். சோறு கொதித்து, வடித்து, ஆறுகிற வரைக்கும் அவன் வரவில்லை. கயிறு தளர்ந்தே கிடந்தது. அதைப் பார்த்து அவள் பயப்படவில்லை. தளர்ந்த கயிறு என்றால் பிள்ளை பக்கத்தில்தான் இருக்கிறான் என்று அர்த்தம். சுபிதாதான் செருப்பில்லாமல் ஓடி வந்தாள்.

நடந்ததை டீக்கடையில் நின்றவர்கள் பிறகு சொன்னார்கள். பாலத்துப் பக்கமிருந்து ஒரு பையன் ஓடி வந்தான். நல்ல ஓட்டம், பின்னால் வந்தவர்களுக்கும் அவனுக்கும் நிறைய இடைவெளி. இதோ ரோட்டுக்கு ஏறிவிடுவான் என்கிற தூரத்தில் வயல் நடுவில் சட்டென்று நின்றான். முன்னால் வரப் பார்த்தான், முடியவில்லை. எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினான். யாரோ தெரிந்த பையனைக் கூப்பிடுகிறான், விளையாடுகிறார்கள் என்று நினைத்தோம். ஒருதரம் பின்பக்கமாகக் கீழே விழுந்தான், யாரோ பிடித்து இழுத்த மாதிரி. அவன் எழுந்திருப்பதற்குள் அவர்கள் வந்துவிட்டார்கள். டீக்கடைக்காரர் இதைச் சொல்லும்போது முப்பிடாதி தன் இரண்டு கையையும் முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

அரணாக்கயிற்றை அறுக்க வேண்டும் என்றார்கள். அதை அறுக்காமல் பிள்ளையைச் சுடுகாட்டுக்கு எடுக்க முடியாது, அதுதான் முறை. யாரோ கத்தி தேடினார்கள். சுபிதா பீடி இலை வெட்டுகிற கத்தரிக்கோலைக் கொண்டுவந்து கொடுத்தாள். கறிக்கடைக் கத்திக்கும் வெல்டிங் பட்டறை மிஷினுக்கும் அசையாத கயிறு, இலை வெட்டுகிற கத்தரிக்கோலுக்கு ஒரே கடியில் அறுந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் முப்பிடாதி அழ ஆரம்பித்தாள். அதுவரைக்கும் அவள் மனசில் ஓர் ஓரத்தில், இது அறுபடாது, அறுபடாவிட்டால் பிள்ளை உயிரோடு இருக்கிறான் என்றுதானே அர்த்தம் என்று ஒரு பைத்தியக்கார நம்பிக்கை இருந்திருக்கிறது.

துக்கம் கேட்க வந்த பெண்கள் கொண்டியைப் பார்த்தார்கள். வெளியே போய்ப் பேசிக்கொண்டார்கள். "அப்பவே சொன்னேன், கயிறு ரொம்ப நீளம்னு. இன்னும் ரெண்டு முடிச்சுப் போட்டிருந்தா பிள்ள பாலத்தத் தாண்டியிருக்க மாட்டாம்லா" என்றாள் பாக்கியம். அவள் கெட்ட மனசுக்காரி இல்லை. மூன்று நேரமும் அந்த வீட்டுக்குச் சோறு கொண்டுவந்தவள் அவள்தான். அன்றைக்குச் சாயங்காலம் ஊரில் மிச்சமிருந்த வீடுகளிலெல்லாம் முடிச்சு விழுந்தது. தெருவில் ஒரு பிள்ளை இல்லை. மைதானத்தில் ஆடு மேய்ந்தது. பிள்ளைகள் எல்லாரும் வீட்டுக்குள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, கதிர்வேல் அரிவாளோடு நிற்கிற படத்தைப் போனில் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். நம் பிள்ளை பத்திரமாக இருக்கிறான் என்று தாய்மார் கதவைச் சாத்தினார்கள்.

கதிர்வேலைப் போலீஸ் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனபோது அவன் கயிறும் கூடவே போயிற்று. தெற்குத் தெருவில் அவன் வீட்டுக் கொண்டியிலிருந்து கிளம்பி, பாலத்தைக் கடந்து, பைபாஸ் ஏறி, சிறுவர்களை வைக்கிற இல்லம் இருக்கிற டவுன்வரைக்கும் எங்கேயும் விறைக்காமல் நீண்டு போயிற்று. அவன் தாய் கொண்டிக்குப் பக்கத்திலேயே படுத்துக் கிடக்கிறாள், அது அசைந்தால் எழுந்து உட்காருகிறாள் என்று சொன்னார்கள்.

காரியமெல்லாம் முடிந்து, புருஷன் கேரளாவுக்குப் பஸ் ஏறின பிறகு, ஒருநாள் மத்தியானம் முப்பிடாதி கொண்டிக்கு முன்னால் உட்கார்ந்தாள். அறுந்த கயிறு அங்கேயேதான் சுருண்டு கிடந்தது, எடுத்துப்போட யாருக்கும் கை வரவில்லை. அவள் கடைசியாகப் போட்ட முடிச்சில் நகத்தை வைத்தாள். அது அவிழ்ந்தது. பல்லால் கடிக்க வேண்டியிருக்கவில்லை, ஊசி வேண்டியிருக்கவில்லை, நகம் பட்டதும் பூ மாதிரி அவிழ்ந்துவிட்டது. அடுத்ததும் அப்படியே அவிழ்ந்தது. அறுந்த பிறகுதான் இப்படி லேசாகிவிட்டதா, அல்லது அவன் வந்து உட்கார்ந்து கேட்ட அன்றைக்கும் இப்படித்தான் இருந்ததா? அதை இனிமேல் யாராலும் அவளுக்குச் சொல்ல முடியாது. அதுதான் அவளை அந்த வெயிலில் எழுந்து நடக்க வைத்தது.

ஒரு நுனி கொண்டியில் இருக்க, மீதியைச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டே நடந்தாள். வயசுக்கு வந்த பிறகு அவள் தனியாக அந்தப் பக்கம் போனதில்லை. மைதானத்தைக் கடந்தாள். கால்வாய்ப் பாலத்தில் கதிர்வேலின் சாயம் போட்ட கயிறு குறுக்கே கிடந்தது. அதற்கு முன்னால் நின்றாள். தாண்டிவிடலாம், பார்க்க அங்கே ஒரு ஆளும் இல்லை. அவள் குனிந்து அதைக் கையால் தூக்கி, தலையைத் தாழ்த்தி அடியில் புகுந்து, மறுபடியும் தரையில் மெதுவாக வைத்துவிட்டுப் போனாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று அவளுக்கே தெரியாது. வயலில் ஓரிடத்தில் நெல் மிதிபட்டுச் சாய்ந்து கிடந்தது. அங்கே அவள் நிற்கவில்லை, நின்றிருந்தால் அதற்கு மேல் கால் போயிருக்காது. கையில் கயிறு இருந்தது. வரப்பில் ஏறினாள், இன்னும் இருந்தது. ரோட்டில் ஏறினாள், இருந்தது. டீக்கடை பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.

டீக்கடைக்காரருக்கு அவளை அடையாளம் தெரிந்தது. கேட்காமலே ஒரு டீயைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்.

"என்னம்மா, இந்த வெயில்ல? யாரையும் தேடி வந்தியளா?"

"இல்லண்ணாச்சி. இங்க வரைக்கும் எட்டுதான்னு பாக்க வந்தேன்."

"எட்டுதா?"

முப்பிடாதி மடியைப் பார்த்தாள். பொத்தை உச்சிவரைக்கும் போகிற கயிறு இன்னும் கத்தையாக மடியில் கிடந்தது.

"எட்டுது" என்றாள். "மிச்சமும் கெடக்கு."